இரும்புக் கைக்கு ஒரு கடிவாளம்

சண்முகவடிவு சிரித்தால் ஸ்டோரின் தகரக் கூரை அதிரும் என்று ஓடைக்கரைத் தோட்டத்தில் சொல்வார்கள். இலங்கை மலைநாட்டில், டயகமவுக்கு மேலே, பனிமூட்டம் வாசல்வரை வந்து விசாரித்துவிட்டுப் போகும் உயரத்தில் இருந்தது அந்தத் தோட்டம். பச்சைக் கொழுந்து கறுத்த தூளாக மாறி வெளியே வரும் தொழிற்சாலையை அங்கே எல்லோரும் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அதன் சலிப்பறையில், தூளோடு கலந்துவிட்ட தண்டையும் நாரையும் பொறுக்கி எடுப்பது சண்முகவடிவின் வேலை.

அவள் விரும்பிக் கேட்ட வேலை அல்ல அது. கல்யாணமான புதிதில், அடைமழை நாளொன்றில், கொழுந்து நிறைந்த கூடையோடு மலைச்சரிவில் சறுக்கி விழுந்தாள். முறிந்த வலது கால் கூடியது. ஆனால் நேராகக் கூடவில்லை. மலை ஏற முடியாதவளுக்கு மலைத்தோட்டத்தில் என்ன வேலை? தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து அறையில் முடங்கிக் கிடந்து அழுதவளை, அப்போது ஸ்டோரின் பொறுப்பாளராகப் புதிதாக வந்திருந்த டீமேக்கர் சூசைரட்ணம்தான் ஸ்டோருக்குள் எடுத்துக்கொண்டார். அன்று அவள் வாசலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தாள். அதற்குப் பிறகு அந்தச் சலிப்பறை அவளுக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டுமாகிவிட்டது. ஊர் வம்பு, பாட்டு, கேலி எல்லாம் அங்கே அவள் தலைமையில்தான் நடக்கும்.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டில் அங்கே ஒரு புதிய இயந்திரம் வந்து இறங்கியது.

நீண்ட மேசைபோல இருக்கும். மேலே ஓர் அகலமான பட்டை தானாக ஊர்ந்துகொண்டே போகும். அதில் தூள் பரவி வரும்போது, ஒரு பக்கத்திலிருந்து இரும்புக் கை ஒன்று நீண்டு வந்து, தண்டையெல்லாம் வழித்துத் தள்ளிவிட்டுத் திரும்பிப் போகும். போகும், வரும். யாரும் தொட வேண்டியதில்லை. கைக்குத் தப்பி வருகிற நாரைப் பொறுக்க மட்டும் பட்டையின் ஓரத்தில் பெண்கள் நிற்க வேண்டும்.

முதல் நாள் பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"என்னாக்கா இது, தலை இல்ல, ஒடம்பு இல்ல, கை மட்டும் வருது!" என்றாள் குட்டையான மீனம்மா. எல்லோரிலும் இளையவள்.

"தலை இருந்தா அரட்டை அடிக்கும்னு கைய மட்டும் செஞ்சு அனுப்பிருக்கான் வெள்ளக்காரன்," என்றாள் சண்முகவடிவு. "பயப்படாத புள்ள. நம்மளோட வேலை செய்ய வந்தவ. இன்னையிலருந்து இவ பேரு மகராசி."

அன்றிலிருந்து அது மகராசிதான். காலையில் வந்ததும் "என்னாடி மகராசி, தூங்கினியா?" என்று கேட்டுவிட்டுத்தான் சண்முகவடிவு வேலையைத் தொடங்குவாள்.

சரஸ்வதி பூசை வந்தது. ஸ்டோரில் அன்று இயந்திரங்களுக்கெல்லாம் பூசை. உருளைகளுக்கும் அடுப்புகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். புதிதாக வந்தவள் என்பதால் மகராசிக்கு மட்டும் தடித்த செவ்வந்தி மாலை. இரும்புக் கையின் தோளில் அதைப் போட்டு, சூடம் காட்டி, எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். மறுநாள் வேலை தொடங்கும்போது அந்த மாலையைக் கழற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை. சாமிக்குப் போட்ட மாலை, தானாக வாடி உதிரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மகராசி ஓடத் தொடங்கினாள். கை நீண்டது, மடங்கியது. மாலை மெல்ல மெல்ல நழுவியது.

"ஐயோ, சாமி மாலை கீழ விழுது!" என்று பதறி, அதைத் தாங்கிப் பிடிக்க இரண்டு கைகளையும் நீட்டினாள் மீனம்மா.

என்ன நடந்தது என்று யாருக்கும் புரிவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது! மாலை சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. மாலையோடு மீனம்மாவின் முந்தானையும் சுற்றிக்கொண்டது. வரவர அது அவளை உள்ளே இழுத்தது. சண்முகவடிவு பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!" என்று பெண்கள் அலறிய அலறல் இரைச்சலுக்குள் அமிழ்ந்து போயிற்று. அறையின் மறுகோடியில் இருந்த நிறுத்துப்பிடியை நோக்கி இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் இராயப்பன் ஓடி, ஒரு பெட்டிமேல் ஏறி, எட்டி இழுத்தபோதுதான் மகராசி அடங்கினாள். சேலை இரண்டாகக் கிழிந்திருந்தது. மீனம்மாவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அவ்வளவோடு போயிற்று. செவ்வந்தி இதழ்கள் மட்டும் அறை முழுவதும் இறைந்து கிடந்தன.

அன்று மாலையே தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் தொரை வந்தார். சீமையிலிருந்து வந்து பல வருசம் ஆகியும் தமிழை அவர் தம் இஷ்டத்துக்குத்தான் பேசுவார்.

"பொம்பளையும் மெசினும் ஒரே ரூம்ல வாணாம். மெசின் உள்ள இரி. பொம்பளை மலைக்குப் போ."

பக்கத்தில் நின்ற பெரியகங்காணி அழகுமுத்து தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். "நான் அப்பவே சொன்னேன், தொரைங்களே. இரும்புக்குப் பக்கத்துல ஆம்பளைதான் நிக்கணும். என் மச்சினனுங்க ரெண்டு பேரு இருக்கானுங்க. நல்ல பயலுங்க."

மலைக்குப் போ! மற்றவர்களுக்கு அது இரண்டு வார்த்தை. சண்முகவடிவுக்கோ அது தலையில் விழுந்த இடி. மலை ஏறாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் தோட்டத்தில் அவள் யார்? மறுபடியும் அந்த இருட்டறை, மறுபடியும் அந்தச் சுவர். அன்று ஸ்டோர் வாசலைத் தாண்டும்போது அவள் சிரிக்கவில்லை. தகரக் கூரைகூட அன்று ஊமையாக இருந்தது.

வீட்டில் புருசன் பழனியாண்டி தேநீர் ஊற்றி வைத்துக் காத்திருந்தான். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். வாய் மட்டும் ஓயாது.

"என்னா புள்ள, மகராசி ஒன்ன வெரட்டிட்டாளாமே?"

"அவ என்னா செஞ்சா, பாவம்? மாலையப் போட்டது நாம. கழட்டாம விட்டது நாம. பழி மட்டும் அவளுக்கு."

"அப்புறம் எதுக்கு அழுவுற? இதையே போயி டீமேக்கர் ஐயாகிட்ட சொல்லு. எங்கிட்டச் சொன்னா நான் கவ்வாத்துக் கத்தியத்தானே குடுக்க முடியும்?"

கண்ணீருக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காலையில் சூசைரட்ணத்தின் முன்னால் போய் நின்றாள். "ஐயா, அடுப்பு சுடுதுன்னு பொம்பளைய சமையக்கட்ட விட்டு வெரட்டுறோமா? கரித்துணியால புடிச்சுத்தானே சட்டிய எறக்குறோம். மகராசிகூட எப்படி நிக்கணும்னு யோசிக்காமலே நம்மள நிக்க வச்சுட்டாங்க. யோசிச்சுப் பாப்போமுங்க."

சூசைரட்ணம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் மனசு சரியில்லை. கங்காணியின் மச்சினன்மார் இருவரும் காலையிலிருந்து தும்மியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. தூளில் நார் அப்படியே கிடந்தது. அவர் நேரே பங்களாவுக்குப் போனார். திரும்பி வரும்போது தொரையின் வாக்கோடு வந்தார். தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் சோதனை. காலைச் சங்கிலிருந்து மத்தியானச் சங்குவரை பெண்கள் இயந்திரத்தோடு வேலை செய்யலாம். யாருக்கும் ஒரு கீறல்கூடப் படக்கூடாது. இயந்திரமும் ஒருதரம்கூட நிற்கக்கூடாது. நின்றால், மலைதான்.

சோதனைக்கான ஆயத்த வேலை தொடங்கியது. அது ஒரு திருவிழா!

முதலில் நிறுத்துப்பிடி. சுவரோரம் ஓடும் தோல்வாரைச் சும்மா சுழலும் சக்கரத்துக்குத் தள்ளிவிட்டால் மகராசி நின்றுவிடுவாள். அந்தப் பிடி இருந்த இடமோ அறையின் மறுகோடி, கூரைக்குப் பக்கத்தில்.

"ஏன் அண்ணே, இதை யாருக்காக இங்க வச்சீங்க? ஒட்டகச்சிவிங்கிக்கா?" என்று கேட்டாள் சண்முகவடிவு.

இராயப்பன் தலையைச் சொறிந்தான். "வச்சது நான் இல்லம்மா, கொழும்பிலருந்து வந்தவன். எறக்கிக் குடுக்க முடியாது. ஆனா ஒரு கயிறு கட்டி, ஒங்க தலைக்கு மேலயே நீளமா இழுத்து விடலாம். எங்க நின்னாலும் எட்டும்."

கயிறு கட்டினான். அன்று பகலில், இரும்புக் கையைக் கழற்றி வைத்துவிட்டு, பட்டையை மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது, நின்றது. மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. இராயப்பன் எண்ணெய்ப் போத்தலோடு சக்கரம் சக்கரமாகத் தவழ்ந்து பார்த்தான். குற்றம் எதுவும் தெரியவில்லை. கடைசியில் நிமிர்ந்து பார்த்தால், பெண்கள் தங்கள் தலைத்துண்டுகளையெல்லாம் அந்தக் கயிற்றில் வரிசையாகக் காயப்போட்டிருந்தார்கள்!

"யம்மா, இது உயிர்க்கயிறு, கொடிக்கயிறு இல்ல!" என்று அவன் கத்த, அவர்களில் நெட்டையான பேச்சியம்மா நிமிர்ந்து, "கயிறு கண்டா துணி போடத்தான்யா தோணும். போட வேற எடம் குடு," என்றாள். சூசைரட்ணத்துக்கு அது சரியாகப் பட்டது. சுவரில் ஆணிகள் அடித்துத் துண்டு மாட்ட இடம் செய்தார். கயிற்றுக்குச் சிவப்புச் சாயம் பூசினார்.

அடுத்தது நிற்கிற இடம். பேச்சியம்மா குனிந்து குனிந்து கூனிப்போனாள். மீனம்மா எட்டி எட்டி எக்கினாள். எல்லோரும் உட்கார ஒரு வாங்கு போட்டால் என்ன என்று சண்முகவடிவு சொன்னாள். போட்டார்கள். உட்கார்ந்ததும் பட்டை மூக்குக்கு நேரே வந்து, தூள் முழுக்க மூக்கில் ஏறிற்று. அறை முழுவதும் தும்மல்! "கங்காணி மச்சினனுங்க தும்மினது சும்மா இல்ல," என்று அவளே ஒப்புக்கொண்டு வாங்கைத் தூக்கி வெளியே போட்டாள். பிறகு சூசைரட்ணம், மகராசியை அசைக்க முடியாவிட்டால் பெண்களை உயர்த்துவோம் என்றார். பெட்டிப் பலகையை ஒவ்வொருத்தியின் உயரத்துக்கும் ஏற்ப அடுக்கினார். மீனம்மாவுக்கு மூன்றடுக்கு. பேச்சியம்மா வெறுந்தரையில் நின்றாள். அவளுக்காகத் தலையணை போன்ற திண்டு ஒன்றைப் பட்டையின் விளிம்பில் வைத்து, முழங்கையை ஊன்ற வழி செய்தார்கள். சண்முகவடிவின் வலது காலைத் தூக்கி வைக்கத் தாழ்வாக ஒரு கட்டை அடித்துக் கொடுத்தான் இராயப்பன். அதில் கால் வைத்துப் பார்த்த மற்றவர்கள் எல்லோரும், "அண்ணே, எனக்கும்!" என்று கேட்டு அவனைத் தொளைத்துவிட்டார்கள்.

முந்தானைக்கு என்ன செய்வது? மலையில் கொழுந்தெடுப்பவர்கள் சேலைமேல் இறுக்கிக் கட்டும் படங்குச் சாக்கைப்போல ஒன்றை எல்லோரும் கட்டவேண்டும் என்றாள் சண்முகவடிவு. உடனே எழுந்தது எதிர்ப்பு.

"ஸ்டோருக்கு வந்தும் படங்கா? மலைக்காரிங்க பாத்தா சிரிப்பாளுக!"

"கட்டலன்னா மலையில போயி அவளுகளோட நின்னே சிரிக்கலாம், வர்றியா?"

சாக்கு நார் தூளில் விழும் என்று சூசைரட்ணம் மறுத்தார். வெள்ளைத் துணியில் தைத்துத் தந்தார். அதைக் கட்டிக்கொண்டதும் மருத்துவத்தாதிகளைப்போல இருக்கிறோம் என்று எல்லோருக்கும் பெருமை பிடிபடவில்லை.

கடைசியாக, இரும்புக் கை நீண்டு வருகிற பக்கம். அங்கே யாரும் போகக்கூடாது என்று தரையில் மஞ்சள் சாயத்தால் கோடு போட்டார் டீமேக்கர். பெட்டி தூக்குகிறவர்கள் அதன்மேலேயே தொம்தொம்மென்று நடந்தார்கள். கத்திப் பார்த்தார். கேட்கவில்லை. சண்முகவடிவு பார்த்தாள். சுண்ணாம்பைக் கரைத்தாள். காலை நீட்டி உட்கார்ந்து, அந்த இடம் முழுவதும் சிக்குக் கோலம் ஒன்றை இழைத்தாள். அதன்பிறகு ஒருவன்கூட அதில் கால் வைக்கவில்லை. பெட்டியோடு வந்தவர்கள் சுற்றிப் போனார்கள். கோலத்தை மிதிக்கிற துணிச்சல் யாருக்கு வரும்?

சோதனை நாள் விடிந்தது. வானம் தெளிந்திருந்தது. காலைச் சங்கு ஊதியது. மகராசிக்குப் பூ இல்லை, மாலை இல்லை. சண்முகவடிவு அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மானத்தைக் காப்பாத்துடி," என்றாள்.

மீனம்மா மூன்றடுக்குப் பலகைமேல் ஏற மாட்டேன் என்று நின்றாள். "அக்கா, அது என்னையவே பாக்குது."

"கண்ணே இல்லாதது எப்படிடி பாக்கும்? என் பக்கத்துல நில்லு. மேல என்னா இருக்கு?"

"செவப்புக் கயிறு."

"அது ஒன் கைக்கு எட்டுதா?"

மீனம்மா கை நீட்டிப் பார்த்தாள். எட்டியது. ஏறினாள்.

தூள் வந்தது. கைகள் பறந்தன. தொரை ஒரு மூலையில் குழாயைப் புகைத்தபடி நின்றார். சூசைரட்ணம் வாய்க்குள் செபம் சொன்னார். பொழுது ஏற ஏறப் பெண்களுக்கு உற்சாகம் ஏறியது. பேச்சியம்மா தாளம்போட, மற்றவர்கள் மெல்லப் பாட, மகராசியின் கை அந்தத் தாளத்துக்கே ஆடுவதுபோல இருந்தது. மத்தியானச் சங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். ஜெயித்துவிட்டோம் என்று ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது.

அப்போது பெரியகங்காணி அழகுமுத்து உள்ளே வந்தார். கோட்டு, தலைப்பாகை, தோளில் சரிகைச் சால்வை. ஏதாவது குற்றம் கண்டுபிடிக்காமல் போவதில்லை என்ற நடை. கோலத்தின் ஓரம் வந்ததும் நின்றார். பக்திமான் அவர், மிதிப்பாரா? மிதிக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே, பட்டையில் நார் கிடக்கிறதா என்று பார்க்க உடம்பை வளைத்துக் கழுத்தை நீட்டினார். நீட்டினார், இன்னும் நீட்டினார். கோலம் காலைத்தான் தடுத்தது, கழுத்தைத் தடுக்கவில்லை! சால்வையின் நுனி தோளிலிருந்து வழுக்கிக் கீழே தொங்கியது. இரும்புக் கை வந்தது. சரிகையைப் பிடித்துக்கொண்டது.

சண்முகவடிவு அதைப் பார்த்தாள்.

கயிறு தலைக்கு மேலே இருந்தது. இழுத்தால் மகராசி நிற்பாள். நின்றால் எல்லாம் போயிற்று. மீனம்மாவின் வேலை, பேச்சியம்மாவின் வேலை, தன் வேலை, தன் வாழ்வு! அதுவும் யாருக்காக? தங்களை வெளியே தள்ள நினைத்த இந்த மனிதருக்காகவா?

இதையெல்லாம் நான் எழுதுவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. அவள் நினைக்கவில்லை. அவள் கை ஏற்கெனவே கயிற்றில் இருந்தது. உடம்பின் பாரம் முழுவதையும் அதில் போட்டுத் தொங்கினாள்.

தடக்கென்று மகராசி நின்றாள்.

பெரியகங்காணி கழுத்து வளைந்தபடி, மூக்கு பட்டையைத் தொட ஒரு சாண் இருக்க, அப்படியே நின்றார். சால்வை கழுத்தைச் சுற்றி இறுகியிருந்தது. இராயப்பன் ஓடிவந்து அதை அறுத்துவிட்டான். தலைப்பாகை உருண்டு கோலத்தின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மீனம்மா விம்மினாள். சண்முகவடிவு கயிற்றை விட்டுவிட்டு, தொரையைப் பார்த்துக் கும்பிட்டாள். "நின்னுபோச்சுங்க, தொரைங்களே. நான்தான் நிப்பாட்டினேன். இன்னொருதரம் இப்படி வந்தாலும் நிப்பாட்டத்தான் செய்வேன். மலைக்கே அனுப்புங்க." சொல்லும்போதே கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

தொரை குழாயை வாயிலிருந்து எடுத்தார். மெல்ல நடந்து வந்தார். கோலத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, நின்றுபோன இயந்திரத்தையும் அறுந்த சால்வையையும் பார்த்தார். பெரியகங்காணியின் கழுத்தையும் பார்த்தார். அது இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது.

"ஸ்டார்ட் பண்ணு," என்றார் இராயப்பனிடம்.

மகராசி ஓடினாள். தொரை கையை உயர்த்திச் சிவப்புக் கயிற்றை இழுத்தார். நின்றாள். "ஸ்டார்ட்!" மறுபடி ஓடினாள். மறுபடி இழுத்தார். நின்றாள். தேரோட்டத்துக்கு வந்த சின்னப் பிள்ளைபோல அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நான் தப்பு சொன்னது," என்றார். "மெசின் நிக்கக்கூடாது சொன்னது தப்பு. நிக்கணும். ஆள் சொன்னா நிக்கணும். டீமேக்கர்! எல்லா மெசினுக்கும் இந்தக் கயிறு போடு. பொம்பளை இங்கயே இரி."

அந்த நேரத்தில்தான் மத்தியானச் சங்கு ஊதியது. அது யார் காதிலாவது விழுந்திருக்குமா? பேச்சியம்மா போட்ட குலவையில் ஸ்டோரே அதிர்ந்தது. மீனம்மா மூன்றடுக்கிலிருந்து குதித்து இறங்கி, சண்முகவடிவைக் கட்டிக்கொண்டு சுற்றினாள்.

கலவரம் அடங்கியதும் பெரியகங்காணி தலைப்பாகையைத் தேடினார். அது கோலத்தின் நடுவில் இருந்தது. எடுக்கவும் வேண்டும், மிதிக்கவும் முடியாது. தவித்துப்போய், "தங்கச்சி, கொஞ்சம் எடுத்துக் குடும்மா," என்றார். சண்முகவடிவுக்கு அவர் அதுவரை ஒரு நாளும் தங்கச்சி அல்ல.

"அங்க நானும் போக மாட்டேன், கங்காணி ஐயா. ஒரு குச்சி கொண்டாங்க," என்றாள் அவள். பிறகு சிரித்தாள். பல நாள் பூட்டி வைத்திருந்த சிரிப்பு!

மறுநாள் கோலத்துக்கு மேலே இடுப்பளவில் ஒரு மரக்கம்பு குறுக்கே வந்துவிட்டது. கால் நிற்கிற இடத்தில் கழுத்தும் நிற்க வேண்டுமே! அதற்கு அளவு கொடுக்க வந்து நின்றவர் பெரியகங்காணியேதான்.

அதன்பிறகு சண்முகவடிவு சலிப்பறையை விட்டுப் போகவில்லை. அறுபத்து நாலில் மகராசிக்குத் துணையாக இன்னொரு இயந்திரம் வந்தபோது, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே அவளைக் கூப்பிட்டார்கள். எங்கே நிறுத்துவது, யார் எங்கே நிற்பது, கயிறு எந்தப் பக்கம் வருவது என்று அவளும் இராயப்பனும் வாய்ச்சண்டை போட்டு முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. சூசைரட்ணம் நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு என்னாக்கா பேரு?" என்று மீனம்மா கேட்டாள். அவள் இடுப்பில் இப்போது ஒரு கைக்குழந்தை.

"இருடி, மொதல்ல எங்க நிக்கிறாள்னு முடிவாகட்டும்," என்றாள் சண்முகவடிவு. காலை இழுத்துக்கொண்டே புதியவளைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, அவள் தோளில் தட்டினாள். "பேரு சும்மா வந்துடுமா? கொஞ்ச நாள் நம்மகூட வேலை செய்யட்டும், பாப்போம்."